தொலைச்சான் பர்ஸ் மாற்றினான்

தீர்த்தகிரியின் பர்ஸைப் பார்த்து அதில் பணம் இருக்கும் என்று நம்பியவர்கள் எல்லாரும் ஏமாந்துதான் போயிருக்கிறார்கள். ஓசூர் பஸ் நிலையத்தில் ஒருமுறை எவனோ அதை உருவப் பார்த்தான். பாக்கெட்டை விட்டு அது வெளியே வரவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாவம், அவனே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவ்வளவு தடிமன். உள்ளே இருந்ததோ ஒரு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு பத்தும். மற்றதெல்லாம் அட்டையும் காகிதமும்தான்.

அவன் ஓட்டுவது சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட். சிப்காட் இரண்டாம் கட்டத்தில் பிரேக் டிரம் வார்க்கும் கம்பெனி. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஏழு மணி நேரம் உட்கார்ந்த வேலை. ஒரு பக்கம் சீட்டின் மேல், மறுபக்கம் பர்ஸின் மேல். பத்து வருஷத்துக்கு மேல் இப்படிக் கோணலாக உட்கார்ந்தால் இடுப்பு சும்மா விடுமா? ஆடி மாதம் ஆரம்பித்த வலி ஐப்பசிக்குள் குதிகால் வரை இறங்கிவிட்டது. வண்டியை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பான். கேட்டவர்களிடம் சூடு என்று சொல்லிச் சமாளித்தான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கான்ட்ராக்டில் இருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஆட்களில் ஆறு பேரை கம்பெனி நிரந்தரமாக்கப் போகிறது. இதே ஆலையில் மொத்தம் ஏழு வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். உடல் தகுதித் தேர்வில் தேற வேண்டும். வயது நாற்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. தீர்த்தகிரிக்கு நாற்பத்திரண்டு முடிய நாலு மாதம் இருந்தது. இன்னொரு தாள் ஒட்டும்வரை வயது அவனுக்காகக் காத்திருக்காது. இந்தத் தடவை விட்டால் கடைசிவரை கான்ட்ராக்ட்தான் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படியாவது இதை வாங்கியே தீருவது என்று அந்தத் தாளின் முன் நின்றபடியே முடிவு செய்தான்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து வலது காலைத் தூக்கச் சொன்னார். ஒரு முழம் எழும்புவதற்குள் பல்லைக் கடித்தான். குப்புறப் படுக்கச் சொன்னவர் அவன் பின் பாக்கெட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, செங்கல்லா?"

"பர்ஸுங்க சார்."

"இது மேல உக்காந்துதான் வண்டி ஓட்டுறியா?"

"ஆமாங்க. பத்து வருஷம் ஆவுது."

"நரம்பை அமுக்குதுய்யா. மாத்திரை எழுதித் தர்றேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். முதல்ல இதை அங்கேருந்து எடு. மெல்லிசா ஒண்ணு வாங்கி முன் பாக்கெட்ல வச்சுக்க. ரெண்டு வாரத்துல காலு தன்னால தூக்கும்."

தகுதித் தேர்வுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. தீர்த்தகிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, நேராகப் பாகலூர் சாலைக்குப் போனான். பெல்ட்டும் பையும் தொங்கிய கடை ஒன்றில் ஏறினான்.

"பன்னி அண்ணா, ஏனு பேக்கு?" என்று கன்னடத்தில் வரவேற்று என்ன வேண்டும் எனக் கேட்ட கடைக்காரர், இவன் வாயைத் திறந்ததும் தமிழுக்கு மாறினார்.

"மெல்லிசா ஒரு பர்ஸ் குடுங்க."

"எவ்வளவு மெல்லிசா?"

"பாக்கெட்ல இருக்கறதே தெரியக் கூடாது."

கடைக்காரர் எடுத்துக் காட்டியது பர்ஸா, பஸ் பாஸ் உறையா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம். நாலு கார்டு நிற்கும். நோட்டை மடித்துச் செருக ஒரு கிளிப். அவ்வளவுதான். "இதுக்கு மேல என்னாண்ணா வேணும், காசெல்லாம் இப்ப ஃபோன்லதானே" என்றார் கடைக்காரர். பணம் கொடுக்க இவன் பழையதை உருவி மேசைமேல் வைத்ததும் அவர் அதையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடுகளில் நாலாவது அவர்களுடையது. வினோதா ரோஜாப் பண்ணையில் வேலை முடித்து வந்து, விரலில் ஏறிய முள்ளை ஊசியால் நெண்டிக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பழைய பர்ஸைக் கவிழ்த்தான். எங்கேயோ வாங்கிய திருநீற்றுப் பொட்டலம், எழுத்து அழிந்துபோன ரசீதுகள், போன் நம்பர் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டுகள், ஊத்தங்கரை பஸ்ஸின் டிக்கெட் கட்டு, பிளாஸ்டிக் உரிந்த லைசென்ஸ் நகல் எல்லாம் விழுந்தன. கடைசியாக, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு மட்டும் வராமல் அடம்பிடித்தது. கத்தி முனையால் நெம்பித்தான் எடுத்தான்.

வினோதா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிப் பிரித்தாள். எல்லாம் கேட் பாஸ். லேமினேட் செய்த அடையாள அட்டைகள். எல்லாவற்றிலும் அவள் புருஷனின் முகம். முதலாவதில் மீசை கறுப்பு, கடைசியில் ஓரமெல்லாம் நரை. பதினொன்று இருந்தன.

"என்னாங்க இது? இதெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே?"

"ஆமா, சொன்னேன்."

"வருசா வருசம் தொலைச்சுட்டு வந்து நின்னியே. நான்கூட எங்க அம்மாகிட்ட, இந்த மனுசன் தலையே கழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதாலதான் தங்குதுன்னு சொல்லிச் சிரிச்சேனே!"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போ. தொலைக்கல."

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கார்டு பதினொரு மாதத்துக்குத்தான். முடிந்ததும் பழைய கார்டை கேட்டில் கொடுத்துவிட்டு, மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்து புதுக் கார்டு வாங்க வேண்டும். கான்ட்ராக்டர் பெயர் மாறும், கார்டு நம்பர் மாறும், ஆள் மட்டும் அதே வண்டியில் அதே சீட்டில் ஏறி உட்காருவான். பழைய கார்டைத் தொலைத்துவிட்டால் கேட்டில் ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கார்டைக் கொடுத்தார்கள். தீர்த்தகிரி பதினொரு தடவையும் லெட்டர் கொடுத்தான்.

காரணம் இருந்தது. இதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் ஐந்து வருஷம் ஓட்டினான். அங்கே கேட்டபோதெல்லாம் நல்ல பிள்ளையாகக் கார்டைத் திருப்பிக் கொடுத்தான். கடைசியில் அனுபவச் சான்று கேட்டுப் போய் நின்றபோது, இந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்ததாகத் தெரியவில்லையே என்றார்கள். கான்ட்ராக்டர் போன் அணைந்து கிடந்தது. கையில் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. ஐந்து வருஷம் அவன் எங்கேயுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அன்று அந்த கேட்டுக்கு வெளியே நின்று அவன் அழுதான். அதை இத்தனை வருஷத்தில் வினோதாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னான்.

அவள் கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டாள். பிறகு, "வூட்டுல வச்சிருக்கலாமில்ல? இடுப்பு போற வரைக்குமா மேல போட்டுக்கிட்டு உக்காருவாங்க?" என்றாள்.

"நாலு வூடு மாறிட்டோம். ஒரு வூட்டுல மழைத் தண்ணி பூந்துச்சு. என் மேல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"இனிமே என்கிட்ட இருக்கும். உனக்கு இருக்கற அக்கறை எனக்கும் இருக்குது." ரேஷன் கார்டும் குழந்தைகளின் சான்றிதழும் இருந்த ஜிப் வைத்த உறைக்குள் அவள் கட்டைப் போட்டு மூடினாள். தீர்த்தகிரியின் கை தானாக நீண்டது. அதை மடக்கிக்கொண்டான். காலைத் தூக்க வேண்டும் என்றால் கார்டு அங்கேதான் இருக்க வேண்டும்.

புதுப் பர்ஸில் ஆதார், லைசென்ஸ், ஏ.டி.எம். கார்டு, இப்போதைய கேட் பாஸ் ஏறின. நாலு இடமும் நிறைந்துவிட்டது. முதல் மூன்று நாள் பெரிய அவஸ்தை. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் கை பின் பாக்கெட்டுக்குப் போகும், காலியாக இருக்கும், வண்டியை நிறுத்திச் சீட்டைத் தடவுவான். பிறகுதான் முன் பாக்கெட் ஞாபகம் வரும். சீட்டில் நேராக உட்காருவதே அவனுக்குப் புதிதாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து பாயில் படுத்துக் காலைத் தூக்கிப் பழகினான். ஒரு முழம் ஒன்றரை முழம் ஆனது. எட்டாம் நாள் கால் செங்குத்தாக நின்றது. வினோதாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் தோசைக் கரண்டியோடு வந்து பார்த்து, "பாத்துட்டேன், இறக்கு" என்றாள். ஆனால் அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, சான்று சரிபார்க்க ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஆதார், லைசென்ஸ், கேட் பாஸ் போதும் என்று நோட்டீசில் இருந்தது. மூன்றும் புதுப் பர்ஸில் கச்சிதமாக இருந்தன. அந்தத் தெம்பில் வீசிய கையோடு போய்விட்டான். மனிதவளப் பிரிவில் ஸ்வாதி என்ற இளம் அதிகாரி இருந்தாள். கம்ப்யூட்டரில் அவன் நம்பரைத் தட்டினாள்.

"ரெண்டு வருஷம் ஒரு மாசம்னு காட்டுதே. ஏழு வேணுமே?"

"பத்து வருஷத்துக்கு மேலங்க மேடம். 2015 மாசி மாசம் சேந்தேன்."

"இப்ப இருக்கற கான்ட்ராக்டர் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி இருந்தவங்க ரெக்கார்டை அவங்களே கொண்டு போயிட்டாங்க. பஞ்ச் மிஷினும் அப்பதான் மாத்தினோம். உங்களை நான் நம்பறேன், ஆனா நம்பிக்கையை ஃபைல்ல வைக்க முடியாது. எதாவது ஆதாரம் இருக்கா? லிஸ்ட் இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேலிடத்துக்குப் போகணும்."

தீர்த்தகிரியின் கை பின் பாக்கெட்டுக்குப் போனது. பத்து வருஷமாக இடுப்பொடியச் சுமந்தது எதற்காகவோ அந்த நேரம் வந்துவிட்டது. பாக்கெட் காலி. தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது அவனுக்கு. மணி மூன்றேகால். அழுவதற்கு நேரமில்லை.

வராந்தாவுக்கு வந்து வினோதாவுக்குப் போன் போட்டான். அவள் பண்ணையில் பூக்கட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். "நில்லு, வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மேஸ்திரியிடம் என்ன சொன்னாளோ, எந்த ஷேர் ஆட்டோவை எங்கே மறித்தாளோ, வீட்டிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு நாலு இருபதுக்கு, தீர்த்தகிரி காத்திருந்த கம்பெனி கேட்டில் நின்றாள். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

கேட்டில் நல்லுசாமி இருந்தார். செக்யூரிட்டி சூப்பர்வைசர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். தீர்த்தகிரிக்குத் தொலைச்சான் என்று பெயர் வைத்ததே அவர்தான். லோடிங் ஆட்களிலிருந்து கேன்டீன் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உள்ளே போகும் எதையும் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். உறையைத் திறந்தார். பதினொரு கார்டையும் மேசையில் பரப்பினார். அவர் முகம் சிவந்தது.

"ஏம்ப்பா, எங்கிட்டயே பத்து வருஷமா பொய் எழுதிக் குடுத்திருக்கியா? நான் ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து வேற போட்டிருக்கேன்!"

"ஆமாங்க சார். தப்புதான். திட்டுறதை அஞ்சு மணிக்கு மேல திட்டுங்க சார், நிக்கிறேன். இப்ப கார்டைக் குடுங்க."

அந்த மாதிரி யாரும் அவரிடம் பேசியதில்லை. நல்லுசாமி அவனையும், மூச்சு வாங்கி நின்ற வினோதாவையும் பார்த்தார். கார்டுகளை ஒன்றுசேர்த்து அவன் கையில் வைத்தார்.

ஸ்வாதி கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தயங்கினாள். "இதுல எல்லாம் கான்ட்ராக்டர் பேர்தான் இருக்கு. எங்க கம்பெனி சீல் ஒண்ணுலயும் இல்லையே. இந்த மாதிரி கார்டை எந்தக் கடையில வேணாலும் லேமினேட் பண்ணலாம்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் கேட்டது நியாயம்தான். மணி நாலு முப்பத்தைந்து. சுவரில் பார்வையை வைத்துக்கொண்டு தீர்த்தகிரி ஒரு நிமிஷம் யோசித்தான். இருந்தது இன்னும் ஒரே வழி. அதைச் சொன்னால் இருக்கும் வேலையும் போகலாம். சொன்னான்.

"மேடம், ஒவ்வொரு கார்டும் தொலைஞ்சு போச்சுன்னு நான் கேட்ல லெட்டர் எழுதிக் குடுத்திருக்கிறேன். அதுல கார்டு நம்பர் இருக்குது. கம்பெனி சீல் இருக்குது. அந்த லெட்டரெல்லாம் பொய்யிங்க. ஆனா அதுல இருக்கற தேதி பொய்யில்ல."

ஸ்வாதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பொய் லெட்டர் குடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நல்லுசாமி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கையில் நாடா கட்டிய பழைய ஃபைல் இருந்தது. பட்டாளத்துப் பழக்கம், ஒரு தாளைக்கூடக் கிழித்துப் போட மாட்டார். ஃபைலை மேசைமேல் வைத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"எழுதிக்கம்மா. 2016 ஜனவரி. கார்டு நம்பர் நானூத்திப் பதினாறு. சூளகிரி சந்தையில தொலைஞ்சுருச்சாம். சரியா இருக்கா?"

ஸ்வாதி முதல் கார்டை எடுத்துப் பார்த்தாள். நானூற்றுப் பதினாறு.

"அடுத்தது கெலவரப்பள்ளி அணையில விழுந்துருச்சாம். அதுக்கடுத்தது பஸ்ல. இது பாரு, 2018. ஆடு தின்னுருச்சாம்! லேமினேட் பண்ணின கார்டை எந்த ஆடு தின்னுச்சுன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

ஸ்வாதி சிரித்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பதினொரு கார்டு, பதினொரு லெட்டர், பதினொரு கம்பெனி சீல். ஒரு நம்பர்கூடப் பிசகவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு லிஸ்டில் தீர்த்தகிரியின் பெயர் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவன் துடைத்துக்கொள்ளவில்லை. வரட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் ஸ்வாதி. "பொய் லெட்டருக்கு உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டியிருக்கும். கம்பெனி லெட்டர்ஹெட்ல, உங்க பேர் போட்டு."

"குடுங்க மேடம்" என்றான் தீர்த்தகிரி உடனே. "மறக்காம தேதி போட்டுக் குடுங்க."

சனிக்கிழமை அவன் வலது கால் செங்குத்தாக நின்றது. இன்னொரு தடவை தூக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவையும் நின்றது.

மார்கழி பிறந்த வாரம் நியமன உத்தரவு வந்தது. கூடவே எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. வினோதா இரண்டையும் ஒன்றாக மடித்து, பதினொரு கார்டு இருந்த உறையில் வைத்தாள். புதுக் கார்டை வாங்க அவன் கேட்டுக்குப் போனான். இந்தக் கார்டில் கான்ட்ராக்டர் பெயர் இல்லை, கம்பெனி பெயர்தான். நல்லுசாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் வெள்ளைத் தாளும் பேனாவும் தள்ளி வைத்தார்.

"பழசைக் குடுத்தாத்தான் புதுசு. எப்படி, இதையும் ஆடு தின்னுருச்சா? லெட்டர் எழுதறியா?"

தீர்த்தகிரி முன் பாக்கெட்டிலிருந்து மெல்லிசுப் பர்ஸை எடுத்தான். பன்னிரண்டாவது கார்டை உருவி மேசைமேல் வைத்தான். இந்த கேட்டில் அவன் திருப்பிக் கொடுத்த முதல் கார்டு அதுதான். நல்லுசாமி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்துக்கங்க சார்" என்றான் தீர்த்தகிரி. பிறகு வெள்ளைத் தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினான். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நல்லுசாமி எழுதினார், கையெழுத்துப் போட்டார், சீலும் குத்தினார். தீர்த்தகிரி அதை நாலாக மடித்துப் புதுக் கார்டுக்குப் பின்னால் செருகினான். பர்ஸ் ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை.